தொய்ந்துகொண்டே இருந்த பாய்மரக் கயிறுகள்
1765-இல் நீரில் இறக்கப்பட்ட ‘விக்டரி’ போர்க்கப்பலின் மாதிரியைத் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டிருந்தேன். உடற்பகுதி எளிதாக முடிந்தது. பாய்மரங்களைத் தாங்கும் நூல்கள்தான் பல நாட்களைத் தின்றன. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தொய்ந்தன. முடிச்சுகளில் பசை வைத்தேன், பலனில்லை. இன்னும் இறுக்கினேன், நடுப் பாய்மரம் பின்னால் வளைந்தது.

பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது: உச்சி வெயிலில் தொய்வு, மழை பெய்த இரவில் விறைப்பு. பெட்டியோடு வந்தது முறுக்கிய பருத்தி நூல். ஈரம் ஏறினால் இழைகள் பருத்து நூலின் நீளம் குறையும், காய்ந்தால் தளரும்.

அத்தனையும் வெட்டிவிட்டு, பாலியஸ்டர் நூலைத் தேன்மெழுகில் உருவிக் கட்டினேன். பக்கவாட்டுக் கயிறுகளை இடம், வலம் என்று மாற்றி மாற்றித்தான் கட்ட வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் பாய்மரம் சாயும். அப்பாடா, மழையிலும் வெயிலிலும் இப்போது ஒரு நூல்கூடத் தளரவில்லை.