கடற்கரை வீட்டில் ரெக்கார்டிங் அறை: ஹம் வந்தால் எர்த் குழியைத் தோண்டிப் பாருங்கள்

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று இருந்துவிட்டுக் கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களுக்கு இது. மின் இணைப்பைப் பெயர் மாற்றுவதையெல்லாம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மைக்கையும் இன்டர்ஃபேஸையும் (மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) மாட்டி ஹெட்போனைப் போட்டதும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓடும் ஹம் இரைச்சலுக்குத்தான் இங்கே வழி கேட்டு ஆள் கிடைக்காது.

முதலில் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கிர்ர்’ என்று கூர்மையாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி டிம்மர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன் வேவ் (கரண்ட் லைனைப் போலச் சீரான அலை தருவது) மட்டும். 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் தாழ்வாக, விடாமல் ஓடினால் பெரும்பாலும் எர்த் சமாச்சாரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து பிளக். நீங்கள் கொண்டுவந்த தட்டை முள் பிளக்குக்குக் கடையில் தரும் மல்டி அடாப்டர் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது. பிளக்கை வெட்டிவிட்டு 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் போடுங்கள்: பச்சை மஞ்சள் ஒயர் பெரிய முள்ளுக்கு, பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இருக்கட்டும். இரண்டு சுவரில் மாட்டினால் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி ஹம் உள்ளே வரும். ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) போடுங்கள். கிடாருக்கு கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளில் மட்டும் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ், அதாவது கிடார் சிக்னலை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி.

இத்தனையும் செய்தும் போகவில்லையா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் காட்டும். ‘எர்த் சூப்பர் சார்’ என்று எலக்ட்ரீஷியன் போய்விடுவார். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது, மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். துருப்பிடித்து நூலாகத் தொங்கும் கம்பியும் அதற்குப் போதும். உப்புக்காற்றில், மண்ணில் புதைத்த எர்த் குழாயோடு கம்பியை இணைக்கும் கிளாம்ப்தான் முதலில் அரிக்கும். செம்புக் கம்பியை நேராக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். மணலோ தண்ணீரைப் பிடித்து வைக்காது, காய்ந்த மண்ணில் எர்த் சரியாக இறங்காது.

மீட்டரைவிட நம்பகமான சோதனை 100 வாட் குண்டு பல்பு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தால் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கினால் எர்த் கெட்டுவிட்டது. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் ட்ரிப் ஆகும் என்பதால் அதற்கு முன்னாலிருந்து ஃபேஸ் எடுக்க வேண்டும். எர்த் அறுந்திருந்தால் இந்தச் சோதனையின்போது வீட்டிலுள்ள எல்லா உலோகப் பெட்டியிலும் மின்சாரம் ஏறும். ஃபிரிட்ஜ் முதல் மோட்டார் வரை அனைத்தையும் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் அதைவிட நல்லது. எர்த்தின் தடை 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி.

புதிதாகப் போடுவதானால் 3 மீட்டர் செம்பு பூசிய ராடு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டாமல் பென்டோனைட் களிமண் நிரப்புங்கள். களி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு உலோகத்தைத் தின்னும். பித்தளைக் கிளாம்ப் போட்டு கிரீஸ் தடவுங்கள். ஸ்டுடியோவுக்கு மட்டும் தனிக் குழி போட்டு விட்டுவிடாதீர்கள், வீட்டு எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும்.

எர்த் முள்ளைப் பிடுங்கினால் ஹம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில சமயம் நிற்கும்தான். ஆனால் கருவிக்குள் ஃபேஸ் ஒயர் உலோகப் பெட்டியில் உரசிய அன்று மைக் பிடித்தவர் கையில் 230 வோல்ட் இருக்கும். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்குவதும் அதே ஆபத்துதான், நியூட்ரல் ஒயர் விட்டுப்போனாலே போதும்.

வருஷத்துக்கு ஒருமுறை, மண் காய்ந்து கிடக்கும் சித்திரையில் கிளாம்பைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.