சுவர் வெடிப்பை அடைக்கும் முன் ஒரு நிமிடம்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுண்ணாம்புக் காரை வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இது. மழைக்கு முன் சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசுவீர்கள். அதற்கு முன் காலை வெயிலில் கொஞ்சம் நின்று பாருங்கள். வெடிப்பிலிருந்து சின்னதாக ஒரு பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீக் கூடு. கறுப்பாக, பொடியாக இருக்கும், கொட்டாது. ரொம்பச் சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான்.

குழாய் வாயில் தலை நீட்டி நிற்பவை காவல் தேனீக்கள். உள்ளே முட்டையிடும் ராணி ஒன்றே. முட்டையிடத் தொடங்கியதும் அதன் வயிறு பருத்துவிடும், பிறகு பறக்கவே முடியாது. மற்ற தேனீக்கள் போல ராணியோடு கிளம்பி வேறு இடம் போக இவற்றுக்கு வழியில்லை. வாயை அடைத்தால் அத்தனையும் உள்ளேயே செத்துப்போகும். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லி, குழாயைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பூசச் சொல்லுங்கள். பெயிண்ட், பூச்சிமருந்து இரண்டும் அங்கே வேண்டாம். மாடியில் ஒரு துளசித் தொட்டி வையுங்கள், பூ விட்டதும் தேடி வரும்.

தண்ணீர் டேங்க் அடியில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. கிட்டே போகாதீர்கள், புகை போடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.