மூடுபனிக் காட்டில் எல்க் வேட்டை: சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் மேற்குச் சரிவுகளில் நவம்பர் மாதம் மழை நின்றால்தான் ஆச்சரியம். ஹோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் மழை கொட்டுகிறது. ஹெம்லாக், ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர் மரங்களும், அடியில் இடுப்பளவு பெரணியும் மண்டிய இந்தக் காடுகள்தான் ரூஸ்வெல்ட் எல்க்கின் வீடு. நம் கடமானுக்கு உறவு, உடம்பில் அதைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். மூடுபனி இறங்கிய நாளில் இதை வேட்டையாடப் போகிறவர்களில் பலர், தங்களுக்குச் சாதகமான நாள் என்று நினைத்துக்கொண்டே காட்டுக்குள் நுழைகிறார்கள். உண்மையில் மூடுபனி கண்ணை மட்டும்தான் கட்டுகிறது. கண்ணை அதிகம் நம்புவது நாம்தான், எல்க் அல்ல.

அதற்கு முக்கியம் மூக்கு. கனமழை வாடையை ஓரளவு அடக்கும் என்று வைத்துக்கொண்டாலும், தூறலும் பனியும் அந்த வேலையைச் செய்வதில்லை. ஈரக் காற்றில் மனித வாடை தரையை ஒட்டித் தங்கிவிடும். காற்று விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. வெயில் நாளில் காலை சூடேற ஏற காற்று சரிவில் மேலேறும், மாலையில் கீழிறங்கும். பனி மூடிய நாளில் இந்தக் கணக்கை அப்படியே நம்பி மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர் ஏமாந்துபோவார். வெயில் படாததால் குளிர்ந்த காற்று முற்பகல் வரைகூடப் பள்ளத்தை நோக்கி வடிந்துகொண்டிருக்கும். மேகம் கொஞ்சம் விலகியதும் சட்டென்று திசை மாறும். நல்லவேளையாக, பனியே காற்றைக் காட்டிக்கொடுக்கிறது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பனி விலகட்டும் என்று வண்டியிலேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடுத்த தவறு. வெளிச்சம் மங்கலாக இருக்கும் வரை எல்க் கூட்டம் திறந்த வெளியிலும் மரம் வெட்டிய மொட்டைச் சரிவிலும் வழக்கத்தைவிட நெடுநேரம் மேயும். பனி கலைந்ததும் அடர்ந்த காட்டுக்குள் போய்விடும். சரி, இறங்கி நடக்கிறோம். அப்போது வேகம்தான் எதிரி. நனைந்த தரை காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால் கால் தானாக வேகமெடுக்கும். ஆனால் நைலான் மழைக்கோட்டில் புதர் உரசும் சத்தம் வெகுதூரம் கேட்கும். மேலே கம்பளியோ ஃப்ளீஸோ போட்டுக்கொண்டு, நாலு எட்டு வைத்து நின்று, அப்புறம் பார்ப்பதுதான் இங்கே நடை. முழு விலங்கைத் தேடினால் கண்ணில் படாது. நெடுநெடுவென்று நிற்கும் மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். வெளிறிய பிட்டம், ஆடும் காது, கொம்பு கிளையில் இடிக்கும் சத்தம், இவைதான் துப்பு. சில நேரம் குதிரை லாயம் மாதிரி ஒரு நெடி முதலில் வரும். வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூடான வண்டியிலிருந்தோ கூடாரத்திலிருந்தோ எடுத்த ஸ்கோப்பின் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) கண்ணாடி வேர்த்துப்போகும். துப்பாக்கியை இரவு குளிரிலேயே, நனையாத இடத்தில் வையுங்கள். குழல் வாயில் மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தண்ணீர் இறங்காது. சுடும்போது குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை ஆகக் குறைவாக வையுங்கள், ஐம்பது மீட்டருக்குள் எதிர்ப்பட்டால் பெரிய உருப்பெருக்கத்தில் வெறும் ரோமம்தான் தெரியும். லேசர் தூரமானி மூடுபனியையே அளந்து தப்பான எண்ணைக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விசையைத் தொடும் முன் வரும் தவறு மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது. மேற்கு வாஷிங்டனின் பல பகுதிகளில், ஒரு பக்கக் கொம்பிலாவது குறைந்தது 3 கிளைகள் உள்ள ஆணை மட்டுமே சுடலாம். பனியில் மரக்கிளையும் கொம்புக்கிளையும் ஒன்றாகத் தெரியும். எண்ண முடியவில்லையா, சுடக் கூடாது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா, அப்போதும் கூடாது. ஆரஞ்சுச் சட்டை போட்ட இன்னொரு வேட்டைக்காரர்கூட இந்தப் பனியில் சாம்பல் நிழலாகத்தான் தெரிவார்.

எல்லைக் குழப்பமும் இங்கே சாதாரணம். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் இந்த எல்க்குகளைக் காக்கவென்று ஒதுக்கிய நிலம் 1938இல் ஒலிம்பிக் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவுக்குள் வேட்டைக்கு அனுமதி கிடையாது. அதைச் சுற்றிய தேசிய வனத்தில், பருவ காலத்தில் உண்டு. எல்லையில் வேலி எதுவும் நிற்பதில்லை. நனைந்த கைபேசியின் மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கும், ஆகவே காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே வேண்டும். இந்தப் பக்கம் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 15 பாகை கிழக்கே விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 260 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

சுட்ட பிறகுதான் மழை தன் குணத்தைக் காட்டும். வெடித்த உடனே விலங்கு ஓடிய பக்கம் பாய்வதுதான் பலர் செய்வது. முதலில் நீங்கள் நின்ற இடத்தில் ஒரு ஆரஞ்சு நாடாவைக் கட்டி, எல்க் நின்ற இடம் எந்தத் திசையில் என்று திசைகாட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தடி நகர்ந்தாலே பனியில் எல்லா மரமும் ஒன்றாகிவிடும். வழக்கமாக அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். நெஞ்சில் பட்டது உறுதி என்றால் மழையில் அவ்வளவு காக்க வேண்டாம் என்பது என் கருத்து, ரத்தத் தடம் கரைந்துவிடும். அடுத்த குண்டுக்குத் தயாராக, மெதுவாகத் தொடரலாம். வயிற்றில் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. மழை பெய்தாலும் சில மணி நேரம் பொறுப்பதே மேல். துரத்தாவிட்டால் அது பக்கத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் மலை தாண்டும். தரையில் ரத்தம் இல்லையென்று கைவிடாதீர்கள். பெரணி இலையின் அடிப்பக்கத்திலும், உடம்பு உரசிய மரத்தண்டிலும் பட்ட ரத்தத்தை மழை எளிதில் கழுவாது. சந்தேகமான கறையில் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் ரத்தம் நுரைக்கும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்றால், எல்க் நின்றுகொண்டிருக்கும் வரை இரண்டாவது குண்டையும் போடத் தயங்கக் கூடாது. மழையோடு இருட்டும் நெருங்கும் நேரத்தில் சுடாமல் விடுவதே நல்லது.

விழுந்தபின், குளிராகத்தானே இருக்கிறது என்று தோலோடு இரவு முழுக்க விட்டுவிட்டால் கறி போச்சு. தடித்த தோல் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். இடுப்பு மூட்டெலும்பைச் சுற்றித்தான் முதலில் புளிக்கும். உடனே தோலை உரித்து, தொடைகளையும் முன்சப்பைகளையும் தனித்தனியாகப் பிரித்து, துணிப்பையில் போட்டு, தார்ப்பாய்க்குக் கீழே காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். சூடு ஆறாத கறியை பிளாஸ்டிக் பையில் கட்டுவதும், ஓடையில் ஊறவைப்பதும் கெடுக்கும் வழிகள்.

இந்த வேலையில் வியர்த்து, பிறகு குந்தியிருக்கும்போதுதான் உடம்பு விறைக்கத் தொடங்கும். 5 பாகை செல்சியஸ் ஈரக் குளிர், வறண்ட உறைபனியைவிடப் பொல்லாதது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஏறும்போதே ஒரு அடுக்கைக் கழற்றி, உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றைப் பையில் பத்திரமாக வைத்திருங்கள். கூட வந்தவர் வார்த்தை குழறி, பொத்தான் போடத் தடுமாறினால் கறியை விட்டுவிட்டு நெருப்பு மூட்டுங்கள். வாசலின் தடவிய பஞ்சு ஈரத்திலும் பற்றும்.

தூக்கி வரும்போது ஒரு தொடையே 30 கிலோ இருக்கும், தனி ஆளுக்குப் பல நடை. தென்மேற்கு வாஷிங்டனில் எல்க்குகளுக்குக் குளம்பு நோய் பரவியிருப்பதால் குளம்புகளை விழுந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்க் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜனவரி 31க்குள் மாநில வனவிலங்குத் துறைக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும்; வெறுங்கையோடு திரும்பியவர்கள்தான் இதை அடிக்கடி மறக்கிறார்கள்.