ஒரு சிரட்டை கருமணல்: நிலவியல் படிக்கத் தொடங்குவோருக்கு

நிலவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் அணு, அடுத்தது கனிமம், பிறகு தாது, எங்கோ கடைசியில் நிலநடுக்கம். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுபோல இருக்கும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். முட்டம், கடியபட்டணம், மணவாளக்குறிச்சி என்று நீளும் கரையில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் இந்த நான்கு பாடங்களையும் அதிலிருந்தே தொடங்கலாம்.

தேவையானவை: கண்ணில்லாத பாதிச் சிரட்டை ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், வெள்ளைத்தாள், பாலித்தீன் பை, ஒரு காந்தம். சாதாரண காந்தம் போதாது. பழுதான கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கைப் பிரித்தால் கிடைக்கும் நியோடிமியம் காந்தம்தான் சரி.

மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். பார்ப்பதையெல்லாம் கரையிலேயே பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது அலையோரம் உட்காராதீர்கள். அது ஓய்ந்தபின் போனால் கருமணல் அடுக்குகள் புதிதாக, பளிச்சென்று தெரியும்.

படி 1: லென்ஸில் பாருங்கள்

கறுப்புக் கோடு ஓடும் இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் தூவுங்கள். வெறுங்கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தது லென்ஸுக்கு அடியில் பல நிறமாகப் பிரியும். உலோகப் பளபளப்போடு கறுப்பாக இருப்பவை பெரும்பாலும் இல்மனைட். ரோஜா நிறத்தில், உடைந்த கண்ணாடிச் சில்லுபோல இருப்பது கார்னெட். கண்ணாடிபோல வெளுத்துத் தெரிவது குவார்ட்ஸ். அதைவிடச் சிறிதாக, வெயிலில் திருப்பும்போது கூர்மையாக மின்னுவது சிர்கான். தேன் நிறத்தில் விளிம்பு மழுங்கி உருண்டிருப்பது மோனசைட். இது குறைவாகத்தான் கிடைக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். செம்பழுப்பில் ரூட்டைல், வெளிறிய குச்சிபோல சில்லிமனைட் என்று இன்னும் சில உண்டு. முதல் நாளே எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல முயலாதீர்கள். கறுப்பு, ரோஜா, வெள்ளை மூன்றும் தெரிந்தால் போதும்.

படி 2: மணியில் இருந்து அணுவுக்கு

இல்மனைட் மணி ஒன்றை மனதுக்குள் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் மூன்று வகை அணுக்கள் மிஞ்சும்: இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன். ஓர் இரும்புக்கு ஒரு டைட்டானியம், மூன்று ஆக்சிஜன் என்பது கணக்கு. எந்த அணு எது என்பதைத் தீர்மானிப்பது அதன் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆக்சிஜனுக்கு 8, டைட்டானியத்துக்கு 22, இரும்புக்கு 26, சிர்கானில் உள்ள சிர்கோனியத்துக்கு 40, மோனசைட்டில் உள்ள தோரியத்துக்கு 90.

கனிமம் என்று சொல்ல என்ன வேண்டும்? இயற்கையில் உருவான திடப்பொருளாக இருக்க வேண்டும், அணுக்களின் விகிதம் வரையறைக்குள் இருக்க வேண்டும், அந்த அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் இருக்க வேண்டும். அலையில் உருண்டு மழுங்கிய பாட்டில் துண்டு ஒன்று கரையில் கிடைத்தால் எடுத்துக் குவார்ட்ஸ் மணியின் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் முக்கியமாக இருப்பவை சிலிக்கானும் ஆக்சிஜனும்தான். ஆனால் குவார்ட்ஸில் அவை வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாட்டிலில் தாறுமாறாகக் கிடக்கின்றன. அதனால் பாட்டில் துண்டு கனிமம் ஆகாது. அதை மனிதன் செய்தான் என்பது இரண்டாவது காரணம்.

படி 3: சிரட்டையில் அலசுங்கள்

சிரட்டையில் பாதி மண், மீதி கடல்நீர். கையால் கிளறிவிட்டு, சிரட்டையைச் சற்றுச் சாய்த்து, வட்டமாக மெல்ல ஆட்டுங்கள். வெள்ளை மண் விளிம்புக்கு ஏறி நீரோடு வழியும். கறுப்பு அடியில் தங்கும். திரும்பவும் நீர் எடுத்து ஆட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் கிட்டத்தட்டச் சுத்தமான கருமணல் இருக்கும்.

காரணம் அடர்த்தி. குவார்ட்ஸ் அதே பருமனுள்ள நீரைப்போல 2.65 மடங்கு கனம், இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு, மோனசைட் 5 மடங்கு அளவில். குவார்ட்ஸுக்கும் இல்மனைட்டுக்கும் காற்றில் இந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவு. நீருக்குள் இரண்டும் தங்கள் பருமனுள்ள நீரின் கனத்தை, அதாவது 1-ஐ, இழப்பதால் 1.65-க்கு 3.7 என்று ஆகிறது, அதாவது இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. உலர்ந்த மண்ணை ஆட்டினால் இவ்வளவு நன்றாகப் பிரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுளவில் அரிசியைப் புடைத்து உமியைத் தள்ளுவதுபோல, கடல் இந்த வேலையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. ஏறி வரும் அலைக்கு வேகம் அதிகம், எல்லாவற்றையும் தூக்கி வரும். திரும்பும் அலைக்கு வேகம் குறைவு, இலேசானதை மட்டும் இழுத்துப்போகும். கனமானது கரையிலேயே தங்கிவிடும்.

படி 4: காந்தம்

காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டுவிட்டு, காய்ந்த கருமணலின்மேல் பிடியுங்கள். பை இல்லாமல் பிடித்தால் மண் ஒட்டிக்கொள்ளும், எளிதில் போகாது. நாள் முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்கும். சில மணிகள் தூரத்திலிருந்தே துள்ளி ஒட்டும். அவை மேக்னடைட், கொஞ்சம்தான் இருக்கும். மிக நெருக்கமாகக் கொண்டுபோனால் ஒட்டுவது இல்மனைட். கார்னெட்டும் மெல்ல நகரும். சிர்கான், குவார்ட்ஸ், ரூட்டைல், சில்லிமனைட் அசையாது. பையிலிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் ஒட்டியதெல்லாம் தாளில் உதிரும்.

இப்படித்தான் 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், காந்தத்தில் ஒட்டிய கருமணலை ஆராயப்போய், அதுவரை அறியப்படாத ஒரு உலோகத்தின் ஆக்சைடைக் கண்டார். பிறகு அந்த உலோகத்துக்கு டைட்டானியம் என்று பெயர் வந்தது.

மணவாளக்குறிச்சியில் உள்ள ஐஆர்இஎல் (மத்திய அரசின் அருமண் நிறுவனம்) ஆலையிலும் அடிப்படை இதுவே: கனத்தால் பிரிப்பது, காந்தத்தால் பிரிப்பது. மூன்றாவதாக மின்சாரம். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கானும் மோனசைட்டும் கடத்தாது. அதை வைத்து மிச்சத்தைப் பிரிக்கிறார்கள்.

படி 5: எப்போது தாது?

கனிமம் என்பது இயற்கை சொல்வது. தாது என்பது விலை சொல்வது. எடுத்து விற்றால் செலவு போக லாபம் நிற்கும் அளவுக்குத் திரண்டிருந்தால்தான் அது தாதுப் படிவு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில் மோனசைட்டைக் கவனித்தார். அப்போது தெருவிளக்குகளின் கேஸ் மேண்டில்களுக்கு (சுடரில் ஒளிரும் வலைப்பைகளுக்கு) தோரியம் வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சி மண் அன்றுதான் தாது ஆனது. மண்ணில் எந்த மாற்றமும் இல்லை. இன்று இல்மனைட்டிலிருந்து வரும் டைட்டானியம் டைஆக்சைடு சுவர் பெயின்ட்டின் வெள்ளை நிறத்துக்குப் போகிறது.

இந்த லாப, செலவுக் கணக்கில் எதைச் சேர்ப்பது என்பதிலும் தகராறு உண்டு. கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்கள் புதிய சுரங்கத் திட்டத்தை எதிர்க்கின்றன. கரையும் கடல்தொழிலும் செலவுப் பக்கத்தில் எழுதப்படாத கணக்கு முழுக் கணக்கு அல்ல என்பது என் கருத்து.

படி 6: இந்த மணிகள் எங்கிருந்து வந்தன?

மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னகைட், கோண்டலைட் பாறைகளிலிருந்து. மழையும் வெயிலும் பாறையை உதிர்க்க, வள்ளியாறு, குழித்துறையாறு, பழையாறு போன்றவை கடலில் சேர்த்தன. ஆனால் அந்தப் பாறைகளுக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. கார்னெட்டும் சில்லிமனைட்டும் சேர்ந்து உருவாக, களிமண் படிவு 20 கிலோமீட்டர் அளவுக்குப் புதைந்து, 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேக வேண்டும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி கோண்ட்வானா என்ற பெருநிலம் சேர்ந்தபோது அது நடந்தது. இன்று இமயமலைக்கு அடியில் நடப்பதற்கு நிகரான மோதல் அது.

வயதை எப்படிக் கணித்தார்கள்? மோனசைட்டில் உள்ள தோரியம் அணுக்கள் தாமாக உடைந்து, பல கட்டம் தாண்டிக் கடைசியில் ஈயமாகின்றன. இருக்கும் தோரியத்தில் பாதி உடைவதற்கு ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமாக இருப்பதற்கும் அதே தோரியம்தான் முக்கியக் காரணம்.

படி 7: நிலநடுக்கம், ஒரு கணக்கோடு

பூமியின் மேலோடு கண்டத் தட்டுகள் என்ற பெரிய பாளங்களாகப் பிரிந்திருக்கிறது. அவை இன்றும் நகர்கின்றன. உராய்வால் சிக்கி நிற்கும் விளிம்பில் விசை சேர்ந்து, ஒருநாள் சட்டென்று வழுக்கும்போது நிலம் நடுங்குகிறது. ரிக்டர் என்று செய்திகளில் சொல்லும் எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. குமரி இன்று தட்டின் விளிம்பில் இல்லை. அதனால் பெரிய நடுக்கம் இங்கே பிறப்பது அரிது. ஆனால் வேறிடத்தில் பிறந்தது இங்கே வரும்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6:28. சுமத்ரா அருகே இந்தியத் தட்டு அடியில் நுழையும் விளிம்பு வழுக்கியது, அளவு 9.1. இப்போது பேனாவை எடுங்கள். சுனாமியின் வேகம் கடலாழத்தை 10-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும், வினாடிக்கு மீட்டரில். ஆழம் 4,000 மீட்டர் என்றால் 40,000-த்தின் வர்க்கமூலம் 200. மணிக்கு 720 கிலோமீட்டர். கன்னியாகுமரி சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆழம் குறையும் இடத்தில் அலை வேகம் குறைவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். இலங்கையைச் சுற்றி வளைந்து வந்ததால்தான் மேற்குப் பார்த்த குளச்சலும் கொட்டில்பாடும் தப்பவில்லை. மணக்குடியில் பாலமே போனது.

அந்த இடைவெளியில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஹைதராபாத்தில் உள்ள சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-ல்தான் தொடங்கியது. தூரத்து நடுக்கத்தை உங்கள் கால் உணரும் என்று நம்பியிருக்காதீர்கள். கடல் திடீரென உள்வாங்கினால், மீன் துள்ளுகிறதே என்று இறங்காமல், உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முதல் அலை போனதும் இறங்கிவிட வேண்டாம். பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.