பல்கலைக்கழகத்தில் சமயம் படிக்கப் போகிறவர்களுக்கு

"சமயம் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் "சாமியாராகப் போறியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், அடுத்து "இதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்பார்கள். வேலை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சேர வருகிற மாணவர்களிலேயே பலருக்கு அந்தக் குழப்பம் இருக்கிறது, ஒரு செமஸ்டர் முடியும்போதுதான் தெளிகிறது, அதற்குள் மனசு கசந்துபோகிறது.

வேதபாடசாலை, மதரஸா, செமினரி எல்லாம் ஒரு சமயத்துக்குள் இருந்து அந்தச் சமயத்துக்காகவே ஆளைத் தயார்செய்கிற இடங்கள். ஓதவும், போதிக்கவும், சடங்கு நடத்தவும் அங்கே கற்றுத்தருவார்கள். பல்கலைக்கழகத்தில் பாடமே வேறு. மனிதர்கள் எதை நம்புகிறார்கள், என்ன செய்கிறார்கள், அது எப்போது வந்தது, யார் சொல்லி மாறியது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டுக்கொண்டே போவோம். இந்தப் படிப்பு தனித்துறையாக நின்றது ரொம்பப் பழைய கதை இல்லை. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் 1967இல் துறையைத் தொடங்கினார். அதே 1967இல் பாட்டியாலாவின் பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் குரு கோவிந்த் சிங் பெயரில் சமயவியல் துறை வந்தது.

சேரும் முன் துறையின் பெயரைப் பார்த்து ஏமாறாமல் பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் என்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஆழமாகப் போக இது நல்ல ஏற்பாடு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்கள் கையில்தான் இருக்கும். பக்கத்துத் துறையின் கருத்தரங்கில் போய் உட்காருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இந்து நாகரிகத்துறை இருக்கிறது. அங்கே உயர்தரத்திலேயே, அதாவது பள்ளியின் கடைசி வகுப்புகளிலேயே, இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் என்று பாடம் எடுத்துவிட்டு வருவதால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைவிட ஒரு படி முன்னால் நிற்பார்கள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் முதல் வருடத்தில் கோட்பாடு வரும், சமயம் என்றால் என்ன என்று விளக்க முயன்ற டர்க்கைம், வெபர், எலியாடே என்று. அந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒவ்வொருவரும் எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார் என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும்.

சரி, எப்படிப் படிப்பது? "இது உண்மையா பொய்யா" என்ற கேள்வியை வகுப்பு வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப் பழகுங்கள். திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம், யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். பக்தராக இருந்தால் பக்தியை விட வேண்டியதில்லை, நாத்திகராக இருந்தால் கும்பிட வேண்டியதில்லை. சொல்வது எளிது, செய்வது கஷ்டம், அதனால் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

தேவாரம் கிடைத்த கதை நமக்குத் தெரியும். தில்லையில், அதாவது சிதம்பரத்தில், பூட்டிய அறைக்குள் ஏடுகள் கிடந்தன, பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்று அங்கிருந்த அந்தணர்கள் சொன்னார்கள், அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்கவைத்தான், உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, எண்ணெய் ஊற்றிக் கரைத்து மிஞ்சியதை எடுத்தார்கள், நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இப்படிச் சொல்கிறது, அரசன் ராஜராஜன் என்றே நாம் கேட்டு வளர்ந்தோம். இப்போது கல்வெட்டுப் பக்கம் வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று மொத்தம் 50 பேரை ராஜராஜன் நியமித்தது கல்வெட்டில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 9ஆம் நூற்றாண்டிலேயே, திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டு கோயிலில் திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. அப்படியென்றால் பதிகங்கள் அடியோடு மறைந்து கிடக்கவில்லை, கோயில்களில் யாரோ பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் வருட மாணவர் இங்கே இரண்டு விதமாகத் தடுக்கி விழுவார். ஒருவர் கல்வெட்டை மறைத்துவிட்டுக் கதையை அப்படியே எழுதுவார். இன்னொருவர் "ஆகவே புராணம் கட்டுக்கதை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் பெருமைப்படுவார். இரண்டிலும் சமயவியல் இல்லை. நாம் கேட்க வேண்டியது, பாடல் வழக்கத்தில் இருந்தும், அது தொலைந்து கிடைத்ததாக ஒரு கதை ஏன் தேவைப்பட்டது? திறக்கும் சாவி ஏன் தில்லையில் இருக்கிறது, ஏன் திருவாரூரில் இல்லை? மிஞ்சியது மட்டுமே கிடைத்தது என்று சொல்லும்போது, தொகுப்பு இதோடு முடிந்தது, இனிமேல் யாரும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்ற எல்லைக்கோடு விழுகிறதா? அரசன், அந்தணர், தொகுத்தவர், பாடிய மூவர் என்ற நான்கு தரப்புக்கும் கதை என்ன இடம் தருகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்ட பிறகு அந்தப் புராணத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

புத்தகத்தோடு நிற்காதீர்கள், களத்துக்குப் போங்கள். நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றே ஒரு வருடப் படிப்புக்குப் போதும். ஒரே கடற்கரைப் பக்கம் சிக்கல் சிங்காரவேலர், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா, மூன்று இடத்துக்கும் ஒரே குடும்பம் வேண்டுதலோடு போவதைப் பார்க்கலாம். நாகூரில் மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை போனால், மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்கிறவர்களைப் பார்ப்பீர்கள், மொட்டை போட்டவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே நோட்டில் எழுதுங்கள். நேர்த்திக்கடன் என்கிறாரா, நேர்ச்சை என்கிறாரா, பொருத்தனை என்கிறாரா? முருகன் கோயிலில் முதலாவது, தர்காவிலும் கத்தோலிக்கரிடமும் இரண்டாவது, புராட்டஸ்டண்ட் பைபிளில் மூன்றாவது என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் ஆள் மாறிச் சொல்லும் இடத்தில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்காரம் என்பார்கள். அந்த வேல் வாங்கும் இரவில் சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை அரும்பும், பட்டுத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். இதை எழுதும்போது "ஈரப்பதத்தால் வருகிறது" என்று விளக்கவும் வேண்டாம், "அற்புதம் நிகழ்கிறது" என்று சாட்சி சொல்லவும் வேண்டாம். "திருமேனியில் அரும்பும் துளிகளைப் பக்தர்கள் முருகனின் வியர்வையாகக் காண்கிறார்கள்" என்று எழுதினால், அங்கே நின்ற பாட்டி படித்தாலும் ஒத்துக்கொள்வார், ஆசிரியரும் ஒத்துக்கொள்வார். பிறகு துணி பிடிப்பது யார், பக்கத்தில் நிற்க யாருக்கு இடம், தூரத்தில் நிற்பவருக்குச் செய்தி எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். பேசுகிறவரிடம் நீங்கள் மாணவர் என்பதை மறைக்காதீர்கள். நோட்டை அன்றைக்கு ராத்திரியே விரித்து எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி போய்விடும்.

என்ன பார்ப்பது என்று தெரியாமல் திகைத்தால் ஸ்மார்ட் சொன்ன சமயத்தின் ஏழு பரிமாணங்கள் கைகொடுக்கும்: சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, ஒழுக்கம், சமூக அமைப்பு, பொருள்கள். நம் ஆட்கள் கோட்பாட்டிலேயே நின்றுவிடுவார்கள். நாகூரில் காணிக்கைக்கு விற்கிற வெள்ளித் தகடு, கை, கால், கண், வீடு என்று உருவம் பொறித்தது, அதை வைத்தே பத்துப் பக்கம் எழுதலாம்.

கட்டுரையில் "நமது மதம் உலகிலேயே பழமையானது", "எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது" மாதிரி வாக்கியங்களை வெட்டி எறியுங்கள். எந்த ஊர், எந்தக் காலம், எந்தப் பிரிவினர் என்று சொல்ல முடியாத வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. "சமயம்" என்ற சொல்லிலேயே கவனம் வேண்டும். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர்களிடம் போய் ஒவ்வொருவராகக் கேட்கிறாளே, அந்த 27ஆவது காதையில் சைவவாதி, வைணவவாதியோடு சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே சமயம் என்பது வாதம் செய்து நிலைநாட்டுகிற ஒரு கொள்கை. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் நிரப்புகிற மதம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கட்டுரை முழுக்கக் கோணலாகிவிடும்.

மொழி ஒன்றைச் சீக்கிரம் தொடங்குங்கள். சமஸ்கிருதம், பாலி, அரபி, எது உங்கள் பாதைக்குத் தேவையோ அது. தமிழ் தெரிந்தவர்கள், சமஸ்கிருதம் எழுத நம் பக்கத்தில் வழங்கிய கிரந்த எழுத்தைக் கூடவே கற்றுக்கொண்டால் பெரிய கதவு திறக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிற சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின, அதில் பெரும்பகுதி கிரந்தத்தில்தான் இருக்கிறது. படிக்க ஆள் வேண்டும்.

வேலை? தமிழ்நாட்டில் இந்தத் துறைகளில் ஆசிரியர் பணியிடம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு தனிப் பாடமாக இருக்கிறது, முதுகலை முடிக்கும்போதே எழுதுங்கள். இலங்கையில் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை சமயம் கட்டாயப் பாடம் என்பதால் பள்ளி ஆசிரியர் வழி உண்டு, இங்கிலாந்திலும் அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வி இருக்கிறது. அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், பத்திரிகை இவற்றுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அங்கே பட்டத்தைவிடக் கல்வெட்டு வாசிக்கத் தெரியுமா, சுவடி படிக்கத் தெரியுமா, களத்தில் ஆட்களிடம் பேசி எழுதத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள், அதனால் இந்த மூன்றில் ஒன்றையாவது இரண்டாம் வருடத்துக்குள் கையில் பிடித்துவிடுங்கள்.