கூலண்ட் மாற்றுவது எப்படி? அலுமினிய ஹெட் பூத்துப் போகாமலிருக்க

கூலண்ட் என்பது எஞ்சின் சூட்டைத் தணிக்க அதற்குள் சுற்றும் திரவம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம். போன மாதம் என் பழைய காரின் தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மேலிருக்கும் அலுமினிய மூடியைக் கழற்றினேன். ஹோஸ் மாட்டும் கழுத்தில், கிளிப் இறுக்கியிருந்த இடத்துக்கு நேர் அடியில், வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. உள்ளே எறும்பு அரித்ததுபோல் குழிகள். முன்பு வண்டியை வைத்திருந்தவர், கூலண்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணி ஊற்றியே ஓட்டியிருக்கிறார்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் காவல். போர் தண்ணி மாதிரியான உப்புத் தண்ணீரிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். கூலண்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் இதைத் தடுக்கும். ஆனால் நாளாக ஆக அவை தீர்ந்துபோகும், கூலண்டின் மூலப்பொருளான கிளைகாலும் (glycol) சிதைந்து அமிலமாகும். அதனால்தான் மேனுவலில் சொன்ன காலத்தில் மாற்றவேண்டும்.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

ரேடியேட்டரின் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து வடியுங்கள். பிளக் இல்லாத வண்டியில் கீழ் ஹோஸைக் கழற்றவேண்டும். வடிந்ததைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும்.

அடுத்து கழுவல். பேட்டரி தண்ணி (ஆசிட் அல்ல, டிஸ்டில்டு வாட்டர்) நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறியபின் வடியுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று காஸ்டிக் சோடாவோ பாத்ரூம் ஆசிடோ ஊற்றிவிடாதீர்கள். காஸ்டிக்கில் அலுமினியம் நுரைத்துக் கரையும்.

ஹோஸ் கழுத்தை நைலான் ஸ்க்ரப்பரால் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது, அதன் துணுக்கு பதிந்த இடத்தில் மறுபடி அரிக்கும். குழி ஆழமாக இருந்தால் பாகத்தையே மாற்றுவது நல்லது. பசை பூசி ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இனி நிரப்பலாம். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலண்ட்) என்றால் பேட்டரி தண்ணியோடு பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே கலந்தது) என்றால் அப்படியே. கேன் தண்ணி வேண்டாம், அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மேனுவலில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள். வேறு வேறு வகை சேர்ந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளக்கூடும். மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டிருங்கள்.

கடைசியாக, பலர் செய்யாத ஒரு சோதனை. மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கூலண்டுக்குள், உலோகத்தில் படாமல். எஞ்சினும் லைட்டும் ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரை (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைப்பது) சந்தேகியுங்கள். கூலண்ட் வழியாகக் கரண்ட் கசிந்தாலும் அலுமினியம் அரிக்கும். என் வண்டியில் ஹெட்லைட் போட்டதும் மீட்டர் ஏறியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் அங்கேயும் அதே வெள்ளைப் பூப்பு. உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் இறங்கிவிட்டது.