“நல்லாத்தானே ஓடுது?”: ரீகால் வந்த ஜெனரேட்டரும் நாம் செய்யும் தவறுகளும்

2019 மார்ச்சில் அமெரிக்க ஹோண்டா நிறுவனம் இயு2200ஐ ரக ஜெனரேட்டர்கள் சுமார் 2 லட்சத்தை ரீகால் செய்தது, அதாவது குறை இருப்பதாக அறிவித்துச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. எரிபொருள் வால்விலிருந்து பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்பது காரணம். இப்படிக் கசிந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், விளக்கும் எரியும். அதனால்தான் “நல்லாத்தானே ஓடுது?” என்று அறிவிப்பை ஒதுக்கிவிடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

அடுத்த தவறு, ஜெனரேட்டரோ புல்வெட்டியோ, மாடல் பெயரை மட்டும் பார்ப்பது. “நான் போன வருஷம்தான் வாங்கினேன்” என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. கடையில் எத்தனை நாள் கிடந்ததோ! சீரியல் நம்பர்தான் பேசும். அது பொறித்த தகடு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் புல்தூசியும் அப்பிப்போய்க் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். பழைய துணியால் துடைத்து, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 8-ஐ 3 என்று படித்துவிட்டால் ஆபத்தான மெஷினையே ‘பிரச்சினையில்லை’ என்று நம்பிவிடுவோம்.

ரீகால் அறிவிப்பில் உள்ள நம்பரோடு பொருந்திவிட்டதா? உடனே நிறுத்துங்கள். “இந்த வாரம் மட்டும் புல் வெட்டிக்கிறேன்” வேண்டாம். கராஜிலும் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். கேஸ் வாட்டர் ஹீட்டரையும் கராஜிலேயே வைத்திருக்கும் வீடுகள் அமெரிக்காவில் ஏராளம். அதன் சின்னச் சுடர் ஒன்று போதும். பசை போட்டு அடைப்பது, கிளாம்பை முறுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். ரீகாலில் பழுதுபார்ப்பது இலவசம். சிலவற்றுக்கு வேறு மெஷினோ பணமோ தருவார்கள். கசியும் மெஷினைக் காரில் ஏற்றாமல், முதலில் டீலருக்குப் போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள்.

பேட்டரியில் ஓடும் புல்வெட்டி, இலை ஊதி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ரீகால் வந்த லித்தியம் பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. கடை வாசலில் இருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியிலும் போடக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளலாம். ஊரின் அபாயக் கழிவு மையத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ரீகால் ஆன பொருளைச் சரிசெய்யாமல் விற்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் சட்டவிரோதம். வீட்டு வாசலில் பழைய பொருள் விற்கும் கராஜ் சேலுக்கும் அது பொருந்தும். சும்மா கொடுத்தாலும் அந்தத் தீ இன்னொருவர் வீட்டுக்குத்தானே போகிறது? பழையது வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் மாடலைத் தேடிப்பாருங்கள். ரீகால் எவ்வளவு பழையதானாலும் அங்கே கிடைக்கும்.

புதிதாக வாங்கினால், டப்பாவோடு வரும் பதிவு அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதை நிரப்பி அனுப்பியிருந்தால்தான் நாளைக்கு ஒரு குறை தெரியவரும்போது நிறுவனம் உங்கள் முகவரிக்கே கடிதம் போட முடியும்.